கேட்கக் கூடாத கை: டிரெமலோ பெடல் ஒன்றைச் சொந்தமாகக் கட்டுவதன் உள்விவரம்

டிரெமலோ பெடல் செய்கிற வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: கித்தாரின் ஒலியளவை அது சீரான இடைவெளியில் ஏற்றி இறக்குகிறது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து, வால்யூம் திருகை நொடிக்கு நான்கைந்து தடவை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னால் கிடைப்பதும் அதே ஓசைதான். அந்த ஆளின் கையை ஒரு சிறிய பெட்டிக்குள் அடைப்பதே பெடல் கட்டுகிறவரின் வேலை. கை செய்யும் வேலை கேட்க வேண்டும். கை மட்டும் கேட்கக் கூடாது. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பிற்பாதிதான், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் கட்டிய முதல் இரண்டு பெட்டிகளையும் குப்பைக்கு அனுப்பியது.

எங்கள் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கித்தார் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி காலியாகி, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், கோயில் திருவிழா மேடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மெல்லிசைக் குழுக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்தக் குழுக்களின் கித்தார்க்காரரிடம் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல் ஒன்றும் எதிரொலி தரும் பெடல் ஒன்றும் அநேகமாக இருக்கும், டிரெமலோ இருக்காது. எப்போதாவது ஒரு பாட்டுக்குத் தேவைப்படும் பெடலுக்கு 400, 500 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதையே கையால் கட்டினால், பெட்டியும் கால் சுவிட்சும் சேர்த்து எனக்கு 70 வெள்ளிக்குள் முடிந்தது. அந்தக் கணக்கில் குப்பைக்குப் போன இரண்டு பெட்டிகளைச் சேர்க்கவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் கடைக்காரரிடம் கேட்கும்போதே தவறான பொருளைக் கேட்டுவிட வாய்ப்புண்டு. சுருதி மேலும் கீழும் அசைவது ஒன்று; ஒலியளவு மேலும் கீழும் அசைவது வேறொன்று. கருநாடக இசையில் ஒரு சுரத்தை அசைத்துப் பாடும் கம்பிதம் முதல் வகையைச் சேர்ந்தது. மேலைநாட்டில் அதற்கு நெருங்கியதை வைப்ராட்டோ என்கிறார்கள். சுருதி நின்ற இடத்தில் நிற்க, ஒலியளவு மட்டும் அலையடித்தால் அது டிரெமலோ. இதை நன்கு குழப்பிவிட்டவர்களில் முதன்மையானவர் கித்தார் உலகின் பெரும் கைவினைஞரான லியோ ஃபெண்டரே ஆவார். அவருடைய நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரில் கம்பிகளின் சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு டிரெமலோ என்று பெயர் வைத்தது. பின்னர் வந்த அதன் ஒலிபெருக்கிகளில் ஒலியளவை அசைக்கும் பகுதிக்கு வைப்ராட்டோ என்று எழுதியது. இரண்டும் தலைகீழ். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்த காலத்தையொட்டி மலாயாவெங்கும் கித்தார் குழுக்கள் முளைத்தன. அவற்றுக்கு மலாய் மொழியில் குகிரான் என்ற பெயரும் அமைந்தது. அந்தத் தலைமுறை விரும்பிக் கேட்ட, ஷேடோஸ் கித்தார்க்காரர் ஹாங்க் மார்வினின் நெளியும் கித்தார் ஓசை அந்தக் கைப்பிடியிலிருந்து வந்தது, ஆகவே அது வைப்ராட்டோ. பழைய குழுக்காரர் ஒருவரிடம் போய் டிரெமலோ என்றால் அவர் கை தானாகவே அந்தக் கைப்பிடி இருக்கும் கித்தாரின் பாலத்தை நோக்கித்தான் போகும். போதாக்குறைக்கு, மாண்டலின் வாசிப்பவர்கள் ஒரே சுரத்தை விரைந்து மீட்டிக்கொண்டே இருப்பதையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல் ஒலியளவின் அசைவை மட்டுமே குறிக்கும்.

ஒலியளவை யார் கையும் படாமல் அசைப்பதற்கு 1940களில் டிஆர்மண்ட் நிறுவனம் கண்ட வழி, இன்று கேட்டால் சிரிப்பு வரும். மின்சாரம் கடத்தும் திரவம் நிரம்பிய ஒரு சிறு குப்பியைச் சின்ன மோட்டார் ஒன்று ஆட்டிக்கொண்டே இருக்கும். திரவம் தளும்பி உள்ளிருக்கும் மின்முனையைத் தொடும்போதெல்லாம் கித்தாரின் சமிக்ஞையில் ஒரு பகுதி சுற்றின் பூமி (எர்த்) முனைக்கு வடிந்துவிடும். 1950களின் நடுவில் அமெரிக்க ராக் கலைஞர் போ டிட்லியின் தாளக் கித்தாருக்கு அந்தத் தளும்பலைத் தந்தது இந்தக் கருவிதான். தோட்டத்தில் ரப்பர் பால் வாளியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனவர்களுக்குத் தளும்பலின் இலக்கணத்தை விளக்க வேண்டியதில்லை: அது ஒருபோதும் கூர்மையாகத் திரும்பாது, வளைந்துதான் திரும்பும். டிஆர்மண்ட் பெட்டியின் ஓசை இன்றும் மெச்சப்படுவதற்குக் காரணம் அந்த வளைவு.

ஃபெண்டர் நிறுவனம் 1955இல் டிரெமொலக்ஸ் என்ற ஒலிபெருக்கியின் உள்ளேயே டிரெமலோவைப் பொருத்தியது. அதில் வேலை செய்தவை வெற்றிடக் குழாய்கள். 1960களில் அதே நிறுவனம் இன்னொரு வழிக்கு மாறியது. ஒரு சிறு நியான் விளக்கையும் ஒளியைப் பொறுத்துத் தடை மாறும் ஒரு துண்டையும் ஒரே கறுப்புக் குழாய்க்குள் அடைத்து, விளக்கு மின்னும்போதெல்லாம் ஒலி தாழும்படி செய்தது. இங்கே அசைக்கும் பக்கத்துக்கும் அசையும் பக்கத்துக்கும் நடுவே ஒரு கம்பிகூட இல்லை; ஒளி மட்டுமே கடந்து போகிறது. வீட்டில் கட்டுகிறவருக்கு இதைவிட உகந்த வழி கிடையாது என்பது என் முடிவு. ஜே.எஃப்.இ.டி. எனப்படும் டிரான்சிஸ்டரைக் கொண்டும் இதைச் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் ஜே201 போன்ற ஒரு வகையில், மின்னோட்டம் நின்றுபோகும் துண்டிப்பு மின்னழுத்தம் ஒரு துண்டுக்கு 0.3 வோல்ட்டாகவும் அடுத்ததற்கு 1.5 வோல்ட்டாகவும் இருக்கலாம் என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. பத்து வாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி.

ஆகவே பெட்டிக்குள் இரண்டு சுற்றுகள். ஒன்று மெதுவானது, காதுக்கு எட்டாதது. நொடிக்கு ஒன்று முதல் பத்து முறை வரை ஏறி இறங்கும். மற்றொன்று கித்தாரின் ஒலியைச் சுமப்பது. இரண்டும் ஒரே 9 வோல்ட் பேட்டரியில் குடியிருந்து, ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்காமல் இருக்க வேண்டும்.

மெதுவான சுற்றுக்கு எல்.எம்.358 என்ற சில்லு (ஐ.சி.) போதும். அதில் இரண்டு செயல்பெருக்கிகள் (ஆப்-ஆம்ப்) உண்டு. முதலாவதை அலைவியற்றியாக அமைக்கிறோம்: வெளிவாயிலிலிருந்து ஒரு மின்தடை வழியாக 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று மெல்ல மின்னேற்றம் பெறும், அதன் அழுத்தம் மேல் எல்லையைத் தொட்டதும் செயல்பெருக்கி தலைகீழாகப் புரளும், மின்தேக்கி வடியத் தொடங்கும், கீழ் எல்லையைத் தொட்டதும் மறுபடி புரளும். எல்லைகளைத் தீர்மானிக்கும் இரு மின்தடைகளும் சமமாக இருந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி வரும் எண்ணின் 2.2 மடங்கு. 47 கிலோ ஓம் நிலையான மின்தடையும் அதனோடு தொடராக தடையை 500 கிலோ ஓம் வரை மாற்றும் திருகு ஒன்றும் வைத்தால், மிக விரைவான நிலையில் 9.7 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 9.7 சுற்று), மிக மெதுவான நிலையில் 0.8 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மின்தேக்கியின் அழுத்தம் ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே மட்டுமே உலவுவதால், முனை பார்த்துப் பொருத்தும் சாதாரண மின்தேக்கியே இங்கே தாங்கும்.

இந்த எண்களைத் தாளமாக நினைத்துப் பார்த்தால் திருகை எங்கே நிறுத்துவது என்பது விளங்கும். நிமிடத்துக்கு 90 அடி விழும் ஒரு பாட்டில், ஓர் அடிக்கு நான்கு என்று சதுஸ்ர நடையில் அசைய வேண்டுமானால் 6 ஹெர்ட்ஸ் தேவை; மூன்று என்று திஸ்ர நடையில் அசைய வேண்டுமானால் 4.5 ஹெர்ட்ஸ். 8 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் காது எண்ணுவதை விட்டுவிடுகிறது, ஒலி சொரசொரப்பாகிறது. 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தாளமாகத் தோன்றாமல் யாரோ கதவைத் திறந்து மூடுவதுபோல் ஆகிவிடும். நடைமுறையில் 3 முதல் 7 வரையில்தான் கை மறுபடி மறுபடி வந்து நிற்கும்.

மின்தேக்கியின் மேல் நிற்கும் அந்த முக்கோண வடிவ அலையை நேரடியாக எடுத்தால், எடுக்கிற பாரமே அதை அமுக்கிவிடும். அதனால்தான் இரண்டாவது செயல்பெருக்கி: அது அலையைத் தொடாமல் படியெடுத்து, பி.சி.547 போன்ற ஒரு சிறு டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கிறது. டிரான்சிஸ்டரின் உமிழ்முனையில் 1 கிலோ ஓம் மின்தடையும் ஓர் எல்.இ.டி. விளக்கும். இந்த இடத்தில் பெரும்பாலோர் கையில் கிடைக்கும் சிவப்பு எல்.இ.டி.யைப் பொருத்திவிட்டு, ஒலி முழுதாக எழுவதே இல்லை என்று வருந்துகிறார்கள். சிவப்பு விளக்குக்கு 1.8 வோல்ட் போதும்; நமது அலையோ டிரான்சிஸ்டரில் இழந்தது போக ஏறத்தாழ 1.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. அந்த விளக்கு அணையவே அணையாது. வெள்ளை எல்.இ.டி. ஒளிரத் தொடங்குவதற்கே 2.6 வோல்ட்டுக்குப் பக்கமாக வேண்டும். அலை தாழும்போது அது முற்றாக அணைகிறது, உச்சியில் 2.5 மில்லி ஆம்பியர் அளவில் பளிச்சிடுகிறது. இன்னொரு ஆதாயமும் உண்டு: கேட்மியம் சல்பைடால் ஆன ஒளித்தடைத் துண்டின் கண், 540 நானோமீட்டர் சுற்றுவட்டத்துப் பச்சை ஒளிக்கே மிகக் கூர்மையானது, வெள்ளை ஒளியில் அந்தப் பச்சை தாராளமாக இருக்கிறது, சிவப்பில் இல்லை.

இந்த ஒளித்தடைத் துண்டைக் கடைகளில் எல்.டி.ஆர். என்றே கேட்க வேண்டும். ஜி.எல்.5528 என்ற வகை எங்கும் கிடைப்பது. இருட்டில் 1 மெகா ஓம் அளவுக்குப் போகும் அதன் தடை, மூக்குக்கு நேரே எல்.இ.டி. எரிந்தால் 1 கிலோ ஓம் பக்கத்துக்கு வந்துவிடும். ஒளி மாறியதற்கு ஈடுகொடுக்க அதற்கு 20, 30 மில்லி நொடி பிடிக்கிறது. மின்னணுவியலில் இது பெருங்குறை. டிரெமலோவில் இதுவே குணம். முக்கோண அலையின் கூரான முனைகளை அந்தச் சோம்பல் மழுங்கச் செய்து, குப்பியின் தளும்பலுக்கு நெருக்கமான வளைவைக் கொண்டுவருகிறது. 9 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 110 மில்லி நொடிதான் என்பதால், வேகம் கூடக் கூட அசைவின் ஆழம் தானாகக் குறையும். அதைக் குறையென்று திருத்தப் போகாமல் விட்டுவிடுவதே நல்லது. காதுக்கு அது இதமாகவே இருக்கிறது. கேட்மியம் நச்சுப் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளில் அதை 0.01 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியதால், பெரிய நிறுவனங்களின் புதிய பெடல்களில் இதைக் காண்பது அரிதாகி வருகிறது. உடைந்த துண்டுகளைச் சமையலறைக் குப்பையில் போடக் கூடாது.

ஒலியைச் சுமக்கும் சுற்று நேரானது. கித்தாரிலிருந்து வரும் சமிக்ஞை 22 நானோஃபாரட் மின்தேக்கி வழியாக டி.எல்.072 சில்லின் முதல் பாதிக்குள் நுழைகிறது; நுழைவாயிலில் 1 மெகா ஓம் தடை இருந்தால்தான் கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கித்தாரின் பிக்கப் தன் கூர்மையை இழக்காது. அங்கே அது இரண்டு மடங்காகப் பெருக்கப்படுகிறது. பிறகு 22 கிலோ ஓம் மின்தடை ஒன்று. அதைத் தாண்டியதும் ஒளித்தடைத் துண்டு, 100 கிலோ ஓம் ஆழத் திருகு ஒன்றின் வழியாக, சமிக்ஞையை வடிக்கக் காத்திருக்கிறது. திருகு முழுதும் திறந்து, விளக்கு எரியும் கணத்தில் ஒலி 27 டெசிபெல் அளவுக்குத் தாழும், அதாவது கிட்டத்தட்ட மறைந்துவிடும். திருகு முழுதும் மூடியிருந்தால் 2 டெசிபெல்லுக்கும் குறைவாகவே தாழும். அது அசைவு என்று சொல்லத் தகாத ஒரு மெல்லிய மூச்சு. சில்லின் மறுபாதி இதைப் பெற்று ஒலியளவுத் திருகு வழியாக வெளியே அனுப்புகிறது.

அந்த இரு மடங்குப் பெருக்கத்தைச் சிலர் வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. முழு ஆழத்தில் அசையும் ஓர் ஒலியின் உச்சம் அசையாத ஒலியின் உச்சத்துக்குச் சமமாகவே இருந்தாலும், அதன் சராசரி ஆற்றல் எட்டில் மூன்று பங்குதான். 4 டெசிபெல்லுக்குச் சற்று மேல் இழப்பு. பெடலை மிதித்த உடனே கித்தார் கூட்டத்தில் காணாமல் போனதுபோல் தோன்றும். கடையில் வாங்கும் பெடல்கள் சிலவற்றைப் பற்றியும் இதே குறை சொல்லப்படுவதுண்டு. இரு மடங்கு என்பது 6 டெசிபெல். இழப்பை ஈடுகட்டிச் சிறிது மிச்சமும் தரும்.

இந்தச் சில்லுகள் எங்கோ வெளியிலிருந்து வந்த அந்நியப் பொருள்கள் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன். டி.எல்.072ஐத் தயாரிக்கும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1972இல் கோலாலம்பூரில் தொழிற்சாலை தொடங்கியது, அதே ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது, எல்.எம்.358ஐ உலகுக்குத் தந்த நேஷனல் செமிகண்டக்டரும் அங்கே முதலில் வந்த நிறுவனங்களில் ஒன்று. பால் வெட்டுக்குப் போன தாய்மாரின் பெண்பிள்ளைகள் விடியற்காலைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப்போய், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியிலும் மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டினார்கள். என் சித்தி ஒருவர் பதினோர் ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவர். பழைய சில்லு ஒன்றைப் புரட்டி, அடியில் மலேசியா என்று பொறித்திருப்பதைக் காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "இதுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாருமே எங்களுக்குச் சொன்னதில்லப்பா" என்றார்.

இனி கைக்கு வரும் தொல்லை. என் முதல் பெட்டி இயங்கியது. அசைவும் அழகாக இருந்தது. ஆனால் கித்தார்க் கம்பியைத் தொடாமல் இருந்தாலும் ஒலிபெருக்கியிலிருந்து டிக், டிக் என்று ஓசை வந்துகொண்டே இருந்தது. ஒத்திகைக்கு வந்திருந்த உறுமி மேளக்காரர் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் மாமா முறை, பெட்டியை எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, உள்ள கடிகாரத்த வச்சி மூடிட்டியா?" என்று கேட்டார். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தாலும் அவர் சொன்னது துல்லியமான நோயறிதல். பெட்டிக்குள் உண்மையிலேயே கடிகாரம் இருந்தது, அதுதான் அலைவியற்றி.

முக்கோண அலை மென்மையானது, அதனால் தொந்தரவு இல்லை. அதைப் பிறப்பிக்கும் செயல்பெருக்கியின் வெளிவாயில்தான் குற்றவாளி: ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அது 7 வோல்ட்டுக்குக் குப்புறப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் மூன்று வழிகளில் ஒலிச் சுற்றுக்குள் கசிகிறது. மின்சாரம் வரும் கம்பி பொதுவாக இருந்தால், பாய்ச்சலின்போது இழுக்கப்படும் மின்னோட்டம் அந்தக் கம்பியிலேயே ஒரு சிறு குழியை உண்டாக்கும். பேட்டரி பழையதாகி அதன் உள்தடை கூடக் கூடக் குழி ஆழமாகும், அதனால்தான் புதுப் பேட்டரியில் வாயை மூடிக்கொண்டிருந்த பெட்டி ஒரு மாதம் கழித்துப் பேசத் தொடங்குகிறது. இரண்டாவது, 9 வோல்ட்டைப் பாதியாக்கித் தரும் 4.5 வோல்ட் ஆதாரப் புள்ளியை இரு சுற்றுகளும் பகிர்ந்துகொண்டால், ஒன்றின் உதறல் மற்றதன் அடித்தளத்தையே ஆட்டும். மூன்றாவது காற்று வழி: 1 மெகா ஓம் நுழைவாயில் மிகக் கூர்மையான காது, பாயும் கம்பி அதன் அருகே ஓரிரு சென்டிமீட்டரில் சென்றாலே அது கேட்டுவிடும்.

என் முதல் பெட்டியில் மூன்றும் இருந்தன. அலைவியற்றிக்கும் நான் டி.எல்.072ஐயே பயன்படுத்தியிருந்தேன், நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் அது 7 வோல்ட்டைத் தாண்டிவிடும். எல்.எம்.358 அதே தூரத்தைக் கடக்க இருபது மடங்குக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்கிறது. விலை குறைந்த, மந்தமான சில்லு இங்கே மேலானது. மெதுவான சுற்றுக்குப் போகும் மின்சாரத்தை 100 ஓம் மின்தடை வழியாக அனுப்பி, அதன் மறுமுனையில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை நிறுத்தினால், 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட துள்ளல் பேட்டரிப் பக்கம் திரும்பி வராமல் பெருமளவு அங்கேயே அடங்கிவிடும். ஆதாரப் புள்ளியை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிட வேண்டும். இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளும் ஒரு 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கூடுதலாக ஆகும், ஒரு வெள்ளிக்கும் குறைவு. இரு சுற்றுகளின் பூமிக் கம்பிகளும் தனித்தனியே ஓடி, பேட்டரியின் எதிர்முனை வந்து சேரும் ஒரே இடத்தில் மட்டும் சந்திக்க வேண்டும். பலகையில் அலைவியற்றி ஒரு கோடியிலும் கித்தார் நுழைவாயில் மறு கோடியிலும் இருக்க, நடுவில் எல்.இ.டி.யும் ஒளித்தடைத் துண்டும் முகத்தோடு முகம் பார்த்து நிற்க வேண்டும். இரண்டாவது பெட்டியில் இதையெல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர: வேகத்தைக் காட்ட மூடியில் இன்னொரு எல்.இ.டி.யை அலைவியற்றியின் வெளிவாயிலிலிருந்தே இழுத்தேன். அழகுக்காகப் பொருத்திய அந்த விளக்கின் கம்பி, நுழைவு ஜாக்கை உரசிக்கொண்டு போனது. கடிகாரம் திரும்பி வந்துவிட்டது.

பலகை, பெட்டி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செப்புக் கோடுகள் ஓடும் வெரோபோர்டு போதும். நமது ஊர் ஈரப்பதத்தில் திறந்த செம்பு ஓராண்டுக்குள் களிம்பேறிவிடும் என்பதால், பற்றவைத்து முடித்ததும் பசைக்கழிவை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுப்பது நல்லது. அலுமினிய வார்ப்புப் பெட்டிகளில் 112க்கு 60க்கு 31 மில்லிமீட்டர் அளவுள்ளது பரவலாகக் கிடைக்கிறது. பேட்டரியும் உள்ளே போக வேண்டுமென்றால் அதில் நெருக்கடிதான். பிஸ்கட் டின்னில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தகரத்தில் ஈயம் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது என்பது அதற்குள்ள ஒரே சிறப்பு, கால் வைத்து மிதித்தால் நசுங்கும். நுழைவு ஜாக் மட்டும் மூன்று முனைகளுள்ள ஸ்டீரியோ வகையாக இருக்கட்டும். பேட்டரியின் எதிர்முனையை அதன் நடுமுனையில் இணைத்தால், கித்தாரின் இணைப்புக் கம்பியைச் செருகும்போது மட்டுமே சுற்றுக்கு உயிர் வரும். பெடல் இழுப்பது ஐந்தாறு மில்லி ஆம்பியர்தான்; ஆனாலும் இணைப்புக் கம்பியைச் செருகியபடியே விட்டுவிட்டால் ஐந்து நாளில் பேட்டரி தீரும். ஒன்பது கால்களுள்ள சுவிட்ச், மிதித்ததும் பெரிதாகப் பட் என்று வெடித்தால், நுழைவிலும் வெளியிலும் பூமிக்கு ஒவ்வொரு 1 மெகா ஓம் மின்தடை வைத்தால் அடங்கும்.

மூன்றாவது பெட்டியில் கடிகாரம் இல்லை. ஆனால் மூடியைத் திறந்து வைத்துச் சோதித்தபோது, அசைவுக்கு அடியில் தாழ்ந்த ரீங்காரம் ஒன்று இருந்தது. பூமிக் கம்பிகளையெல்லாம் மறுபடி பற்றவைத்தேன், பயனில்லை. எதையோ எடுக்கக் குனிந்தபோது என் தலையின் நிழல் பலகைமீது விழுந்தது, ரீங்காரம் தாழ்ந்தது. நிமிர்ந்தேன், திரும்பி வந்தது. உத்தரத்தில் எரிந்த பழைய டியூப் லைட்தான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. கண் அதைக் கண்டுகொள்ளாவிட்டாலும் ஒளித்தடைத் துண்டு, தன் சோம்பலையும் மீறி, கொஞ்சம் கண்டுகொள்கிறது. எல்.இ.டி.யையும் துண்டையும் சேர்த்து மூடியிருந்த வெப்பச் சுருக்குக் குழாயின் இரு முனைகளும் திறந்தே இருந்தன. மூடியை மூடினால் சரியாகிவிடும் என்று விட்டது என் அடுத்த தவறு. கல்யாண மண்டபம் ஒன்றில், மேடை விளக்கு திருகுகளின் துளை இடுக்கு வழியே உள்ளே புகுந்து, துண்டைப் பாதி விழிப்பிலேயே வைத்திருந்தது. விளக்கு எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் டிரெமலோவின் ஆழமும் என் கித்தாரின் ஒலியும் சேர்ந்து குறைந்தன. வாசித்துக்கொண்டிருந்த மூன்று நிமிடமும் அது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

தீர்வு சைக்கிள் கடையில் இருந்தது. கழித்துப் போட்ட உள்டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, எல்.இ.டி.யும் ஒளித்தடையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, முனைகளைக் கறுப்பு சிலிக்கோனால் அடைத்தேன். கறுப்பு ரப்பரை ஊடுருவும் ஒளி இல்லை. இப்போது மூடியைத் திறந்து டியூப் லைட்டின் கீழ் வைத்தாலும் பெட்டி முணுமுணுப்பதில்லை.

அடுத்த ஒத்திகையில் மாமா உறுமியைத் தரையில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கியின் துணிக்கு அருகே காதைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் இருந்தார். நான் கம்பியைத் தொடவில்லை. பிறகு ஒரு நாண் மீட்டினேன். அவர் தொடையில் விரலால் மூன்று மூன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் மெதுவா வை தம்பி, எனக்கு முன்னால ஓடுது" என்றார்.